கேட்டை மூட ஆள் இல்லாத தடத்தில் புது டெமு

"நம்ம ஊருக்குப் புது ரயில் வருதாம்" என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலே எனக்கு எரிகிறது. வரட்டும் சாமி, முதலில் ரோட்டில் இருக்கிற ரயில்வே கேட்டை மூட ஆள் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

திருவாரூர் - காரைக்குடி தடத்தில் இருப்பவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய மீட்டர் கேஜ் பாதை அது. 2012-ல் அகலப்பாதை போடுகிறோம் என்று ரயில் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பேராவூரணி சனமெல்லாம் வருடக்கணக்கில் பஸ்ஸில் தொங்கியது. 2018-ல் பட்டுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வரை பாதை தயார், 2019 ஜூன் மாதம் திருவாரூர் - காரைக்குடி முழுத் தடத்திலும் டெமு, அதாவது டீசலில் ஓடுகிற பயணிகள் ரயில். டெமு நல்ல வண்டிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை, இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற வேலை இல்லை, போன வண்டி அப்படியே திரும்பி வந்துவிடும். குட்டி குட்டி ஸ்டேஷன்களில் நின்று நின்று போவதற்கென்றே செய்த வண்டி.

ஆனால் இங்கே அது ஸ்டேஷனிலா நின்றது? கேட்டுக்குக் கேட் நின்றது! பாதை போட்டாயிற்று, கேட் வைத்தாயிற்று, கேட் கீப்பரை மட்டும் போடவில்லை. அதற்கு ஒரு மகா யோசனை கண்டுபிடித்தார்கள் பாருங்கள், ஆட்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்புவது. கேட் வந்ததும் வண்டி நிற்கும், முன்பக்கத்திலிருந்து ஒருவர் இறங்கி நடந்து போய் கேட்டை மூடுவார், வண்டி ஊர்ந்து தாண்டி மறுபடி நிற்கும், பின்பக்கத்திலிருந்து இன்னொருவர் இறங்கி, கேட்டைத் திறந்து விட்டுவிட்டு, கருங்கல் ஜல்லியில் செருப்பு சறுக்க ஓடிவந்து கம்பியைப் பிடித்து ஏறுவார். அடுத்த கேட்டில் திரும்பவும் இதே கூத்து. 'மொபைல் கேட் கீப்பர்' என்று இதற்கு ஒரு பெயர் வேறு.

விளைவு, சுமார் 150 கிலோமீட்டருக்கு 6 மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்கு 25 கிலோமீட்டர். பக்கத்து ரோட்டில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போகிறவர் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அவசரம் உள்ளவன் பஸ்ஸுக்குப் போய்விட்டான், அப்புறம் "இந்தத் தடத்தில் கூட்டமே இல்லையே" என்று பேச்சு வந்தது. எப்படி ஐயா வரும் கூட்டம்? கோடிக்கணக்கில் கொட்டிப் பாதை போடத் தெரிந்தவர்களுக்கு, கேட்டுக்கு ஆள் வேண்டும் என்பது வண்டி விட்ட பிறகுதான் தெரியுமா? பிறகு ஒருவழியாக ஆள் போட்டார்கள், நேரமும் குறைந்தது, சரி. அதை முதல் நாளே செய்ய என்ன கேடு?

அந்த நாட்களில் ஒருமுறை, மூச்சு வாங்க ஏறி வந்தவரிடம் "அண்ணே, காரைக்குடி எத்தனை மணிக்குப் போகும்?" என்று கேட்டுவிட்டேன். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மணியெல்லாம் தெரியாது தம்பி. இன்னும் எத்தனை கேட்டுன்னு கேளுங்க, சொல்றேன்."