படகு பார்த்த சம்பந்தி

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மாலை நேரம். கரைச் சுவரில் இரண்டு பெரியவர்கள், கையில் ஆளுக்கொரு கிளாஸ் பருத்திப்பால். ஒருவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர்; பெண்ணைப் பெற்றவர். மற்றவர் தெற்குவாசலில் கயிறு, தார்ப்பாய் வியாபாரம், பையனைப் பெற்றவர். பெண்ணும் பையனும் ஜெர்மனியில் குடித்தனம். டிரைவர் குளிர்காலத்தில் அங்கே போய் இருந்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறார். சம்பந்திகள் ஆயிற்றே, திட்டிக்கொள்வதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

கயிற்றுக்கடை: அப்புறம் சம்பந்தி, ஜெர்மனியை நன்றாகச் சுற்றிப் பார்த்தீர்களா?

டிரைவர்: சுற்றினேனாவா? டுசெல்டார்ஃபில் மாப்பிள்ளை ஒரு படகுக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முட்டி இன்னும் சரியாகவில்லை. 1969-ல் தொடங்கியதாம், இப்போது ஜனவரி மாதம் வந்தால் அந்த ஊரில் இதே பேச்சு. நம்ம தமுக்கம் பொருட்காட்சியை அதற்குள் வைத்தால் எந்த ஹாலில் வைத்தோம் என்று தேட வேண்டும்.

கயிற்றுக்கடை: படகை எல்லாம் தண்ணீரில் விட்டிருப்பார்கள்.

டிரைவர்: ரைன் நதி வெளியே சும்மா ஓடுகிறது. படகெல்லாம் உள்ளே கார்ப்பெட் மேல் நிற்கிறது. காற்றுப் பிடிக்கிற பாயை வேறு மரத்தில் விரித்து வைத்திருக்கிறார்கள். ஹாலுக்குள் காற்று ஏது? அது பாட்டுக்குத் தொங்குகிறது.

கயிற்றுக்கடை: ஏறிப் பார்க்க விட்டார்களா?

டிரைவர்: பெரிய படகுகளில் விட்டார்கள். ஆனால் ஷூவைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். சாக்ஸிலிருந்து பெருவிரல் வெளியே வந்து எட்டிப் பார்க்கிறது. விற்பனைக்கு நின்ற பெண் என் விரலைப் பார்த்தாள், பிறகு உங்கள் பையனைப் பார்த்தாள், கையில் இருந்த விலைப் பட்டியலை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

கயிற்றுக்கடை: மகள் வாங்கிக் கொடுத்த சாக்ஸோ?

டிரைவர்: மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது.

(சிறிது நேரம் இருவரும் பருத்திப்பாலைக் குடிக்கிறார்கள். முதல் ரவுண்டு சமம்.)

டிரைவர்: ஆனால் நாங்கள் போனது பெரிய படகுக்காக இல்லை. ரேஸ் படகு பார்க்க. முதலில் ஒற்றை ஆள் படகு. முன்பு லேசர் என்பார்கள், இப்போது இல்கா. 4 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. உடம்பு 59 கிலோதான். கார் கூரையில் கட்டிக்கொண்டு போவதற்காக புரூஸ் கர்பி என்ற கனடாக்காரர் வரைந்தது. 1971-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தார்கள், அங்கேயே நூற்றுக்கு மேல் விற்றுவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, லட்சணமான வண்டி. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும் இல்லையா? ஸ்டாலில் நின்ற வெள்ளைக்காரனிடம் பிரேக் எங்கே என்றேன்.

கயிற்றுக்கடை: என்ன சொன்னான்?

டிரைவர்: பிரேக் கிடையாதாம். கையில் இருக்கிற கயிற்றை விட்டுவிட்டு மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பினால் தானாக நிற்குமாம்.

கயிற்றுக்கடை: (நிமிர்ந்து உட்கார்கிறார்) கயிறா? எத்தனை கயிறு?

டிரைவர்: பாயை இழுத்துப் பிடிக்க ஒன்று, கீழே அழுத்த ஒன்று, பாயின் வயிற்றைத் தட்டையாக்க ஒன்று, இன்னும் என்னென்னவோ. ஒரு கை சுக்கானுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு கை.

கயிற்றுக்கடை: அப்புறம் எப்படி?

டிரைவர்: அவசரத்துக்குப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள்.

கயிற்றுக்கடை: அப்படியானால் அது பல் இருக்கும்போதே விளையாட வேண்டிய விளையாட்டு. சரி, கயிறு என்ன ரகம்?

டிரைவர்: டைனீமா என்று ஒரு ஸ்டாலில்...

கயிற்றுக்கடை: டைனீமாவா! எனக்குத் தெரியும். அதே எடை எஃகைவிடப் பல மடங்கு பலம். தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஒரே குறை, வழுக்கும். சாதாரண முடிச்சு நிற்காது, இழையைப் பிரித்துப் பின்னித்தான் இணைக்க வேண்டும். நம்ம ஊரில் அதைக் கேட்பார் யார்? இங்கே வாளிக் கயிறு, மாட்டுக் கயிறு, துணி காயப்போடக் கொடிக் கயிறு. எப்படிக் கொடுக்கிறான், கிலோ என்ன விலை?

டிரைவர்: கிலோ இல்லை, மீட்டர் கணக்கு.

கயிற்றுக்கடை: மீட்டரா! (புரையேறுகிறது) இத்தனை வருஷம் நான் தராசைக் கட்டிக்கொண்டு அழுதேனே!

(டிரைவர் முதுகில் தட்டுகிறார். கொஞ்சம் பலமாகவே.)

டிரைவர்: இதைக் கேளுங்கள். கார்பன் என்கிறான், கம்ப்யூட்டரில் வடிவமைத்தது என்கிறான். பக்கத்தில் போய்ப் பாயைப் பார்த்தால், இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்குக் கம்பளி நூல் ஒட்டியிருக்கிறது. தையல் பிரிந்து தொங்குகிறது போல என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். மாப்பிள்ளை கையைப் பிடித்துவிட்டார்.

கயிற்றுக்கடை: எதற்கு நூல்?

டிரைவர்: அதுதான் மீட்டர் போர்டு. இரண்டு நூலும் நேராகப் பின்னால் பறந்தால் பாய் சரியான கோணத்தில் இருக்கிறது. ஒன்று துள்ளினால் கயிற்றை இழு, இல்லை சுக்கானைத் திருப்பு. ஓட்டுகிறவன் கண் அந்த நூலை விட்டு நகராதாம்.

கயிற்றுக்கடை: ஆகக் கயிற்றுக்கு அடுத்தபடி நூல்.

டிரைவர்: இன்னொரு ரகம் இருக்கிறது, தண்ணீரிலேயே ஓடாது. அடியில் இறக்கை வைத்திருக்கிறான். வேகம் எடுத்ததும் படகு மேலே எழும்பிவிடும், இறக்கை மட்டும் தண்ணீருக்குள். அமெரிக்கா கோப்பைப் படகுப் பந்தயத்தில் ஓடுகிற 75 அடிப் படகு மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. டீசல் இல்லை, இன்ஜின் இல்லை. நான் ஆறு சிலிண்டரை வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் திருமங்கலம் ரோட்டில் 60-ஐத் தாண்டியதில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கயிற்றுக்கடை: காற்று எதிரே வந்தால் என்ன செய்வான்?

டிரைவர்: எதிர்க்காற்றில் நேராகப் போக எந்தப் பாய்மரப் படகாலும் முடியாது. சாய்வாக இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், திரும்பி அந்தப் பக்கம் கொஞ்ச தூரம், இப்படியே ஏற வேண்டும்.

கயிற்றுக்கடை: ஒருவழிப்பாதை போட்ட பிறகு மாசி வீதியில் நாம் போவதும் அப்படித்தானே. வழியில் இன்னொருத்தன் குறுக்கே வந்தால்?

டிரைவர்: சட்டம் இருக்கிறது. வலப்பக்கம் காற்று வாங்குகிறவனுக்கு இடப்பக்கம் வாங்குகிறவன் வழிவிட வேண்டும். ஹாரன் இல்லாததால் வாயால்தான் கத்துவார்கள். விடாமல் இடித்துவிட்டால், இடித்தவன் படகை அங்கேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

கயிற்றுக்கடை: சுற்றச் சொல்வது யார், போலீஸா?

டிரைவர்: யாரும் சொல்ல வேண்டியதில்லை. தப்புச் செய்தவன் தானாக ஒப்புக்கொண்டு தானாகச் சுற்ற வேண்டும்.

கயிற்றுக்கடை: (யோசித்து) இந்த விளையாட்டு நம்ம ஊருக்கு வராது சம்பந்தி. கோரிப்பாளையம் சிக்னலில் அந்தச் சட்டத்தைப் போட்டால் ஒருத்தன் வீடு போய்ச் சேர மாட்டான். அதோடு மதுரைப் பக்கம் காற்றை நம்பித் தண்ணீரில் விட்டது ஒன்றே ஒன்றுதான், 2017-ல் வைகை அணையில் தெர்மாக்கோல். அது கிளம்பிய வேகத்தில் கரைக்குத் திரும்பி வந்துவிட்டது. கடலே இல்லாத ஊர்க்காரப் பிள்ளைகளுக்கு ரேஸ் படகு எதற்கு?

டிரைவர்: வேலூரில் கடல் இருக்கிறதா?

கயிற்றுக்கடை: கோட்டை அகழிதான் இருக்கிறது. ஏன்?

டிரைவர்: விஷ்ணு சரவணன் வேலூர்ப் பையன். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இதே இல்காவில்தான் வெண்கலம். நம்ம சென்னைப் பெண் நேத்ரா குமணன், பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவுக்கும் போனாள், பாரிஸுக்கும் போனாள். கண்காட்சியில் இந்த இரண்டு பேரையும் சொல்லித்தான் நான் அந்த வெள்ளைக்காரனிடம் தலை நிமிர்ந்தேன். சாக்ஸுக்குப் பிறகு எனக்கும் ஏதாவது வேண்டாமா?

கயிற்றுக்கடை: அதற்கு ஒலிம்பிக் வரைக்கும் ஏன் போகிறீர்கள்? தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி வைப்பார்களே, அதைச் சொல்லியிருக்கலாம். காற்று பாயைச் சாய்க்கும்போது படகுக்குக் குறுக்கே ஒரு பலகையை வெளியே நீட்டி, ஆட்கள் அதன் மேல் ஏறி நிற்பார்கள். கீழே கடல், கையில் கயிறு. அந்தக் கயிறு யார் கடையிலிருந்து போகிறது? (நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறார்.) இந்தக் குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டியது. தை மாதம் அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் வலம் வருகிறார்கள். பாய் உண்டா, இன்ஜின் உண்டா? கரையில் நின்று வடம் பிடிக்கிறோம், ஓடுகிறது. படகு என்று உலகத்தில் எதைச் சொன்னாலும் அடிப்படை கயிறுதான்.

டிரைவர்: தொண்டிப் பலகை என்றீர்களே, அதே வேலையைத்தான் அங்கேயும் செய்கிறார்கள். பலகைக்குப் பதில் கம்பி. பாய்மரத்து உச்சிப் பக்கமிருந்து ஒரு கம்பி வரும். இடுப்பில் பட்டை கட்டி, அதில் கொக்கியை மாட்டி, காலைப் படகு விளிம்பில் ஊன்றி உடம்பை முழுசாக வெளியே சாய்த்துத் தொங்க வேண்டும். 470 என்று ஒரு படகு, 4.70 மீட்டர் நீளம். இரண்டு பேர் ஓட்டுவது. பாரிஸ் ஒலிம்பிக்கில் அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

கயிற்றுக்கடை: புருஷன் பெண்டாட்டியா?

டிரைவர்: ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான் சட்டம். புருஷன் பெண்டாட்டியாக இருந்தால் சண்டை கரையேறிய பிறகும் நடக்கும்.

(இந்த இடத்தில் டிரைவர் கிளாஸை உருட்டிக்கொண்டே அடியில் இருக்கும் சுக்குத் தூளைப் பார்க்கிறார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு வளைவு வருவது தெரியும்.)

கயிற்றுக்கடை: சம்பந்தி, ஏன் இந்த 470-ஐப் பற்றி மட்டும் இவ்வளவு விவரம் சொல்கிறீர்கள்?

டிரைவர்: பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் ஏற்கெனவே அங்கே ஏரியில் ஒரு கிளப்பில் சேர்ந்து பழகுகிறார்கள். புதுப் படகு விலையைக் கேட்டதும் மாப்பிள்ளையே பின்வாங்கிவிட்டார். பழையது ஒன்று தோதாக வந்தது. நம்ம இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை.

கயிற்றுக்கடை: அதுதான் என் பிள்ளை. கேட்கச் சொல்லுங்கள், நான் யோசித்துச் சொல்கிறேன்.

டிரைவர்: அதற்குத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். பணம் கட்டிவிட்டு.

கயிற்றுக்கடை: (கிளாஸைச் சுவரில் வைக்கிறார்) அப்படியா. சரி. என் பையன் பி.இ. படித்தவன். எதைச் செய்தாலும் கணக்குப் போட்டுத்தான் செய்வான். சுக்கான் அவன் கையில் இருந்தால் எனக்குக் கவலை இல்லை.

டிரைவர்: சுக்கான் என் மகள் கையில்.

கயிற்றுக்கடை: பெரிய பாய்?

டிரைவர்: அந்தக் கயிறும் அவள் கையில்தான்.

கயிற்றுக்கடை: அப்படியானால் என் பையனுக்கு அந்தப் படகில் என்ன வேலை?

டிரைவர்: எடை.

கயிற்றுக்கடை: என்னது?

டிரைவர்: தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பெரிய பொறுப்பு. கம்பியில் தொங்குகிறவர் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் பலத்த காற்றில் படகு சாயாது. மாப்பிள்ளை தொண்ணூறு கிலோவைத் தாண்டிவிட்டார். கிளப்பில் எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள். சம்பந்தியம்மா போட்ட சாப்பாடு ஒன்றும் வீண்போகவில்லை.

கயிற்றுக்கடை: கவிழ்ந்தால்?

டிரைவர்: கவிழும். அது பாடத்திலேயே இருக்கிறது. படகுக்கு நடுவில் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற பலகை மேல் ஏறி நின்று பின்பக்கமாகச் சாய்ந்தால் மறுபடி நிமிர்ந்துவிடும். அதிலும் மாப்பிள்ளையின் எடைதான் கைகொடுக்கிறது.

கயிற்றுக்கடை: அது கிடக்கட்டும். அந்தக் கம்பி எத்தனை எம்.எம்.?

டிரைவர்: இப்போது எதற்கு அது? காற்று நன்றாக வருகிறது, இன்னொரு பருத்திப்பால் சொல்லட்டுமா?

கயிற்றுக்கடை: எத்தனை எம்.எம். சம்பந்தி?

டிரைவர்: இரண்டரை.

கயிற்றுக்கடை: இரண்டரையா! என் கடையில் நாலு வேட்டி காயப்போடுகிற கொடிக் கயிறே நான் மூன்று எம்.எம்.முக்குக் கீழே கொடுப்பதில்லையே!

டிரைவர்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சம்பந்தி. தாங்கும்.

கயிற்றுக்கடை: (போனை எடுத்துக்கொண்டே) தாங்குமா தாங்காதா என்று எனக்கு நீங்கள் சொல்லாதீர்கள். நான் உங்களுக்கு பஸ் ஓட்டச் சொல்லிக் கொடுத்தேனா? ஹலோ... டேய், அப்பா பேசுகிறேன். படகெல்லாம் சந்தோஷம். முதலில் நீ போய் அந்தக் கம்பியின் இரண்டு முனையையும் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரைக்கும் ராத்திரிச் சாப்பாடு அரை வயிறுதான்!