அந்த டூ ஸ்ட்ரோக்கை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்

திசையன்விளைப் பக்கம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த மண்தரை மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்று ஒருநாள் மட்டும் பதினோரு பேர் எனக்கு அதை அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் வளைவு திரும்பும்போது என் பட்டறைக்கு வரும் நம் தம்பி ஒருவனின் வண்டி பின்சக்கரம் பூட்டிக்கொண்டு நின்றதும், மைக் பிடித்திருந்தவர் "இந்தக் காலத்துல டூ ஸ்ட்ரோக்கைத் தூக்கிட்டு வந்தா இப்படித்தான் நடுவுல நிக்கணும், யாருப்பா இந்தப் பையனுக்கு இதை எடுத்துக் கொடுத்தது?" என்று கேட்டதும், கூட்டம் சிரித்ததும் அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. டூ ஸ்ட்ரோக் என்பது இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கும் பழைய வகை; இப்போது சாலையில் பெரும்பாலும் ஓடுவது ஃபோர் ஸ்ட்ரோக். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். எடுத்துக் கொடுத்தவன் நான்தான். யோசித்துத்தான் எடுத்துக் கொடுத்தேன். நாளைக்கு வேறொரு பையன் பட்டறைக்கு வந்து கேட்டாலும், பந்தயம் பழக வருகிறவனுக்கு முதல் வண்டி டூ ஸ்ட்ரோக்காக இருக்கட்டும் என்றுதான் சொல்வேன்.

முதலில் வண்டி ஏன் நின்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிரித்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பட்டறைக்குக் கொண்டுவந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய அதன் நுனி சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. சிலிண்டரை உருவிப் பார்த்தால், பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாகக் கோடுகள், நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் ஆழத்தில். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்ப்பரேட்டரை ரப்பரோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் நெகிழ்ந்து, அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜினுக்கு வேண்டிய ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. இந்த வண்டிக்கு லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஊற்றுகிறோம். காற்று கூடினால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும், சூடு ஏறும். அதோடு ஆயிலும் பற்றாமல் போகும்போது பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கிளாம்ப்பைச் சனிக்கிழமை ராத்திரி நான் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் பிழை. பையனுடைய பிழையும் இல்லை, டூ ஸ்ட்ரோக்கின் பிழையும் இல்லை.

"ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் அந்தக் கிளாம்ப் நெகிழ்ந்தும் வண்டி ஓடி முடித்திருக்குமே" என்று காணொளியைப் பார்த்த ஒருவர் கேட்டிருக்கிறார். முடித்திருக்கலாம், மறுக்கவில்லை. அதில் ஆயில் அடியில் தனியாக இருந்து சுற்றி வருகிறது. ஆனால் அதே ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வுகளை நேரம் தவறாமல் திறக்க வைக்கும் டைமிங் செயின் பல் தாண்டினால் என்ன ஆகும் என்று அவர் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். வால்வு வந்து பிஸ்டனில் இடிக்கும், வால்வு வளையும், சிலிண்டரின் மூடியான ஹெட்டே போனாலும் போகும். இங்கே திங்கட்கிழமை காலையில் சிலிண்டரை வண்ணார்பேட்டையில் லேத்துக்குக் கொடுத்தேன், 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் பொருந்தும்படி உட்புறத்தைக் கடைந்து வந்தது. செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஹெட்டின் நான்கு நட்டையும் இறுக்கியது அந்தப் பையன். பிஸ்டனைச் சுற்றி வரும் வளையமான ரிங்கை ஏற்றியதும் அவன்தான். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

இதைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் சொல்கிறேன். பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், உள்ளே ஓடுகிற முக்கியமான உறுப்பு இவ்வளவே இருக்கிற ஓர் இன்ஜினைப் பதினெட்டு வயதுப் பையன் தன் கையால் பிரித்துத் தன் கையால் பூட்டிவிடுவான். பூட்டிய வண்டியில் ஏறி ஓட்டும்போது ஒவ்வொரு சத்தத்துக்கும் அவனுக்குப் பொருள் தெரியும். கேம்ஷாஃப்ட், வால்வு, ஸ்பிரிங், வால்வுக்கு விட வேண்டிய டேப்பெட் இடைவெளி என்று அடுக்கடுக்காக வருகிற இன்ஜினை அவனால் ஒருநாளும் படிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அது இரண்டாம் வகுப்புப் பாடம் என்கிறேன்.

ஓட்டுவதிலும் அப்படித்தான். டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. இதை வைத்துச் சக்தி அப்படியே இரட்டிப்பு என்று எங்கள் பக்கத்து ஆட்களே பேசுவதுண்டு. அது சரியில்லை, உள்ளே வரும் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. பந்தயக்காரன் பார்க்க வேண்டியது சக்தி எங்கே எழும்புகிறது என்பதை. சிலிண்டரின் வாசல்களான போர்ட்டும் சைலன்சரும் பந்தயத்துக்காகத் திருத்திய டூ ஸ்ட்ரோக் அடியில் உறங்கிக் கிடக்கும்; இன்ஜின் ஒரு வேகத்தைத் தாண்டியதும் ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு போகும்; அந்த இடமும் கொஞ்சம்தான், தாண்டினால் மறுபடி அடங்கிவிடும். வளைவுக்குள் ஒரு கியர் கூடுதலாகப் போட்டு நுழைந்தால் வண்டி முனகும், முன்னால் போகாது. கிளட்சை ஒற்றை விரலால் தட்டி எழுப்ப வேண்டும், அதற்குள் இரண்டு பேர் தாண்டிப் போயிருப்பார்கள். 200 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் அதே தவற்றைப் பொறுத்துக்கொள்ளும், எந்தக் கியரில் விட்டாலும் ஓரளவு இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஓட்டுகிறவனுக்குத் தான் தவறு செய்தோம் என்பதே தெரியாது. ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினே வேகத்தைப் பிடித்து இழுக்கிற வசதியும் ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதிகம். டூ ஸ்ட்ரோக்கில் அது பேருக்குத்தான் இருக்கும், பிரேக்கைப் படிக்காமல் ஒரு வளைவைக்கூடத் தாண்ட முடியாது. அதனால் பையன்கள் விழுகிறார்கள் என்கிறீர்கள். விழுகிறார்கள்தான். நானும் விழுந்துதான் படித்தேன்.

1994ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சித்திரை மாதம் முன்னீர்பள்ளம் பக்கம் வற்றிக் கிடந்த குளத்துக்குள் மேஸ்திரி ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியைக் கொடுத்துச் சுற்றச் சொல்வார். அவர் கரையில் உடைமர நிழலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எதிர்க்கரையில் திரும்பும்போது அங்கிருந்தே சத்தம் வரும்: "ஏலே, மூணுலயே போற, ரெண்டுக்கு வா!" பார்க்காமலே கியரைச் சொல்லுவார். அந்த இன்ஜின் எந்தக் கியரில் எப்படிக் கத்துகிறது என்பது அவர் காதில் இருந்தது. இரண்டு கோடைக்குள் என் காதுக்கும் அது வந்துவிட்டது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்த வண்டிதான் சொல்லிக் கொடுத்தது.

"உலகமே ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது, நீங்கள் மட்டும் பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. எப்படி மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1997இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், அரங்குக்குள் மண்மேடு போட்டு நடத்தும் சூப்பர்கிராஸ் பந்தயத்தில் அமெரிக்க வீரர் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓட்டி வென்றார். அடுத்த ஆண்டே அந்த வகை வண்டி ஒய்இசட்400எஃப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவர் வென்றது யாரை எதிர்த்து? 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகளை. பிறகு 250 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரே 450 ஃபோர் ஸ்ட்ரோக், 125 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரே 250 ஃபோர் ஸ்ட்ரோக் என்றே பிரிவுகள் அமைந்தன. ஏறக்குறைய இரண்டு மடங்கு சிசி கொடுத்துத்தான் அந்த மாற்றம் நடந்தது. ஹோண்டா 2007 மாடலோடு தன் சிஆர் டூ ஸ்ட்ரோக் வரிசையை நிறுத்திவிட்டது என்பது உண்மை. யமஹா ஒய்இசட்125, ஒய்இசட்250 இரண்டையும் விடாமல் செய்துகொண்டிருப்பதும், கேடிஎம் 2018 மாடலில் டூ ஸ்ட்ரோக்குக்கே ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் கொண்டுவந்ததும் அதே அளவு உண்மை. ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் சுரங்கத்தில் நடக்கும் பந்தயத்தில் பாறைகளில் ஏறுகிறவர்கள் எதை நம்பி ஏறுகிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் 300 சிசி டூ ஸ்ட்ரோக்கைத்தான். காலாவதியான வண்டிக்கு இத்தனை பேர் ஏன் உழைக்க வேண்டும்?

மண்ணையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்பீர்கள். தேரி மணலில், கணுக்கால் புதையும் அந்தச் செம்மணலில், ஃபோர் ஸ்ட்ரோக்கின் சீரான இழுவை பெரிய உதவி. வள்ளியூர்ப் பக்கத்துக் கெட்டித் தரையிலும் அதன் பின்சக்கரம் வீணாகச் சுழலாமல் தரையைப் பிடித்துக்கொண்டு வரும். தொடர்ந்து பந்தயம் ஓட்டுகிற, பின்னால் ஆளும் பணமும் இருக்கிற ஒருவர் இன்றைக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான் எடுக்க வேண்டும் என்றால் நானும் ஆமோதிப்பேன். நம் பையனுக்கு அவை இரண்டும் இல்லை. அவன் வண்டி, மாமா வீட்டுத் தொழுவத்தில் ஆறு வருடம் கோழி அடைந்து கிடந்த 1995 மாடல் ஆர்எக்ஸ் 100. நல்ல ஆர்எக்ஸ் இன்று என்ன விலை விற்கிறது, அசல் உதிரிபாகம் கிடைப்பது எவ்வளவு பாடு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இவனுக்கு வண்டி சும்மா கிடைத்தது.

பணமும் ஆளும் இல்லாமல் ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் நண்பர் ஒருவரே சாட்சி. ஆசை ஆசையாக இறக்குமதியான 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி ஒன்றை வாங்கினார். தேரிப் புழுதியில் நான்கு வாரம் ஓட்டினார். ஏர் ஃபில்டரைத் தாண்டிப் போன பொடி மணல் இன்டேக் வால்வுகளைத் தின்றுவிட்டது. டேப்பெட் இடைவெளி குறைந்து குறைந்து, சூடானால் ஸ்டார்ட் ஆக மறுத்தது வண்டி. வால்வுக்குப் பணம் கட்டிவிட்டு ஏழு மாதம் காத்திருந்தார். அந்த ஏழு மாதமும் வண்டி என் பட்டறைச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் நின்றது. வாரம் ஒருமுறை வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். அதே புழுதி டூ ஸ்ட்ரோக்கின் ரிங்கையும் தின்னும், இல்லை என்று சொல்லவில்லை. ரிங்கை மறுநாளே மாற்றிவிடலாம்.

புகையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: சாலையிலிருந்து டூ ஸ்ட்ரோக் போனது சரி. ஆண்டுக்குச் சில ஞாயிற்றுக்கிழமை பொட்டலில் ஓடுகிற ஒற்றை வண்டியோடு அதைச் சேர்த்துப் பேசுவது சரியில்லை.

"உனக்கு டூ ஸ்ட்ரோக் வேலையில்தான் வருமானம், அதனால் பேசுகிறாய்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்வதற்கே மனம் வரவில்லை. என் பட்டறையில் பத்து வண்டி நின்றால் ஒன்பது ஃபோர் ஸ்ட்ரோக். என் வீட்டில் அடுப்பு எரிவது அவற்றால்தான். இந்தப் பையனிடம் நான் வாங்கியது லேத் கூலியும் பிஸ்டன் விலையும் மட்டும்.

இன்னொன்று, யாருமே கவனிக்காதது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரிவு 200 சிசி வரை என்று ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. பதினான்கு வண்டிகளில் பெரும்பாலானவை 150க்கு மேல். நிற்கும்போது 98 சிசி வண்டியோடு நம் பையன் மூன்றாவது இடத்தில் இருந்தான். காணொளியை மறுபடி ஓட்டிப் பாருங்கள், வளைவுக்கு முன்னால் எண்ணிப் பாருங்கள். மாட்டு வண்டிப் பந்தயத்தில் ஒரு பூஞ்சிட்டு ஜோடி, அதாவது சின்ன மாட்டு ஜோடி, பெரிய மாட்டோடு ஓடி மூன்றாவதாக வந்துகொண்டிருக்கும்போது நுகத்தடி கயிறு அறுந்து நின்றால், நம் ஊர்க்காரன் மாட்டைப் பார்த்துச் சிரிப்பானா? ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பான், சாரதியின் தோளில் துண்டு போடுவான். மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை இந்தப் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அன்று ஒரு நடை வாடகையை விட்டுவிட்டு மகன் ஓட்டுவதை முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தார். மைக்கில் கேட்ட கேள்வியும் அதற்கு எழுந்த சிரிப்பும் அவர் காதில் விழுந்தன. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை ஆட்டோவில் ஏற்றிக் கயிறு கட்டும்போது, "அண்ணாச்சி, இதைக் கொடுத்துரலாமா? பய தெரியாம ஆசைப்பட்டுட்டான் போல" என்றார். அந்த நிமிடம் என்னால் வாய் திறக்க முடியவில்லை. இத்தனை வருடமாக இன்ஜினைப் பிரித்து வைத்து யார் யாருக்கோ விளக்கம் சொல்லியிருக்கிறேன், அந்த மனிதருக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் பட்டறைக்கு வந்தார். மகன் ரிங்கை ஏற்றுவதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளாம்ப்பை இறுக்கும் இடம் வந்ததும் எழுந்து வந்து, தானே ஒருமுறை ஸ்க்ரூடிரைவரை வாங்கி முறுக்கிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். விற்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மைக் பிடித்தவரிடம் எனக்குப் பகை கிடையாது. பல வருடம் இந்தப் பந்தயங்களுக்கு உழைத்தவர் என்பதும் தெரியும். புதுப் பிஸ்டன் பதமாக அடுத்த பந்தயம் வரை பையன் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டப்போகிறான். அடுத்த பந்தயத்தில் அவன் பெயரைக் கூப்பிடும்போது, போன தடவை 98 சிசியில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தவன் என்று அதே மைக்கில் அவர் ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் அப்பாவை அன்றைக்கும் நான் கூட்டிக்கொண்டு வருவேன்.