பங்குனியிலேயே கத்திரி

கத்திரி வெயில் மே 4 வாக்கில்தான் வரும் என்கிறது பஞ்சாங்கம். யாராவது வேலூர் வெயிலிடம் போய் அதைச் சொல்லுங்களேன்! பங்குனி பாதிகூடத் தாண்டவில்லை, காலை பத்து மணிக்கே குழாயில் வெந்நீர் வருகிறது. கொல்லைப்புற முருங்கையில் காகம் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருக்கிறது. பாவம், பறவைகளுக்கு வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நாள் முழுக்கப் பஞ்சாயத்து நடத்தும் தவிட்டுக்குருவிகள்கூட வாயை மூடிவிட்டன. மண்சட்டியில் வைக்கும் தண்ணீர் மதியத்துக்குள் பாதி காணாமல் போகிறது.

சரி, புலம்பலாமென்று வாயைத் திறந்தால், "எங்க காலத்துல அடிக்காத வெயிலா?" என்கிறார் எதிர்வீட்டு மாமா. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு! "அமெரிக்காவுல பனி கொட்டுதே, அப்புறம் எங்க பூமி சூடாகுது?" இது சித்தப்பா. இன்னொருவருக்கு எல்லாமே செல்போன் டவர்தான். சிட்டுக்குருவி போனதும் அதனால், வெயிலும் அதனால், அவர் தலைமுடி கொட்டியதும் அதனாலாம்.

பதிவான ஆண்டுகளிலேயே வெப்பமானது 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொன்னதைக் காட்டினால், "ஒன்றரை டிகிரிதானே?" என்கிறார்கள். தானேவாம்! உடம்பில் ஒன்றரை டிகிரி ஏறினால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊரைக் கூட்ட மாட்டார்களா?

இத்தனைக்கும் கார் நிறுத்த இடமில்லையென்று வேப்பமரத்தை வெட்டியவர் அந்த மாமாதான். இப்போது என்னிடமே கேட்கிறார்: "இந்த வருஷம் குயில் சத்தமே காணோமேப்பா, ஏன்?"