டிசம்பர் 24க்குக் காத்திருக்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். அக்டோபரில்தான் மாஸ்டர்ஸ் படிக்க, நான் இருக்கும் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு வந்திருக்கிறான். "அக்கா, வந்து ரெண்டு மாசமாச்சு. ஒரு ஜெர்மன்காரன்கூட கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வான்னு சொல்லல. கல்நெஞ்சுக்காரங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2015இல் நானும் இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே குரலில், அம்மாவிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறேன்.

அந்த வருடம் டிசம்பர் 24 வியாழக்கிழமை. பண்டிகைக்கு முந்தின நாள் என்றால் கடைத்தெரு நள்ளிரவு வரை ஜேஜே என்று இருக்கும், அதுதானே நமக்குத் தெரிந்த உலகம். மதியம் மூன்று மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு சாவகாசமாகக் கீழே இறங்கினேன். தெரு பந்த் நடக்கும் நாள் போலக் கிடந்தது. 24ஆம் தேதி இரண்டு மணிக்கெல்லாம் கடை சாத்திவிடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் எதற்குத் தனியாகச் சொல்லப்போகிறார்கள்? 25ம் 26ம் இரண்டுமே அரசு விடுமுறை. 27 ஞாயிறு, ஞாயிறென்றால் எப்படியும் கடை கிடையாது. வீட்டில் இருந்தது பாதி ரொட்டி, இரண்டு முட்டை, கொஞ்சம் அரிசி, புளி. திங்கட்கிழமை காலை வரை ரசம் சோறு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் விடுமுறையிலும் திறந்திருக்கும் என்ற ஞானம் அடுத்த வருடம்தான் வந்தது.

சோற்றைவிடப் பெரிய வருத்தம் வேறு. டிசம்பர் முழுக்க அலுவலகத்தில் ஆளாளுக்கு "கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் ஒவ்வொரு தடவையும் "ஒன்றும் இல்லை, வீட்டில்தான்" என்று கொஞ்சம் இழுத்துச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். நம்மிடம் அப்படிச் சொன்னால் அடுத்த வார்த்தை "அப்போ நம்ம வீட்டுக்கு வந்துடுங்க" என்பதுதானே. இவர்கள் "ஓ, நல்லது, ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை மாலைகளில் குடியேறிகளுக்கு எதிராக இந்த ஊரில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் வேறு. இரண்டையும் கூட்டி, என்னை யாருக்கும் வேண்டாம் என்று நானே ஒரு விடை போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்கு தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. தம்பிக்கு இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

24 மாலை என்பது இங்கே கதவைச் சாத்திக்கொள்ளும் பண்டிகை. அப்பா, அம்மா, பிள்ளைகள், மிஞ்சிப்போனால் பாட்டி. சித்தப்பா பையனுக்கே பல வீடுகளில் அன்றைக்கு இடமில்லை. பெரிய விருந்து என்று கற்பனை செய்யாதீர்கள். நிறைய வீடுகளில் அன்று இரவு உருளைக்கிழங்கு சாலடும் வேகவைத்த சாஸேஜும்தான். வாத்துக்கறி எல்லாம் மறுநாள். நம் குலதெய்வக் கோயில் படையலுக்கு ஆபீஸ் நண்பரைக் கூப்பிடுகிறோமா? பங்காளிகளோடு முடித்துக்கொள்கிறோம். அதனால் அந்த நண்பர் மேல் நமக்குக் கோபம் என்று அர்த்தமா?

ஆனால் அந்த ஒரு மாலைக்கு முன்னால் நான்கு வாரம் இருக்கிறது. அந்த நான்கு வாரமும் கதவு திறந்துதான் கிடக்கிறது. நாம்தான் அதைப் பண்டிகையாகவே எண்ணுவதில்லை. நமக்குப் பண்டிகை என்றால் அந்த நாள்; அதற்கு முந்தினதெல்லாம் வேலை. இவர்களுக்கு அந்த வேலையும் காத்திருப்பும்தான் பாதிப் பண்டிகை.

இந்த நான்கு வாரத்துக்குத் திருவருகைக் காலம் என்று பெயர். அந்தக் காலத்து மெழுகுவர்த்தி வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது உலகம் முழுக்கத் தேவாலயங்களில் வைக்கிறார்கள். அது பிறந்தது 1839இல், ஹாம்பர்க்கில். ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன் என்ற இறையியலாளரை அந்தப் பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ?" என்று துளைத்திருக்கிறார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி என்று செருகி, தினம் ஒன்றாக ஏற்றினார். பிள்ளைகளின் நச்சரிப்பைத் தாங்காமல் செய்த நாள்காட்டி, அவ்வளவுதான்.

இந்த ஊரின் ஸ்டோலன் ரொட்டியும் அதே ஜாதிதான். உலர்திராட்சை, பாதாம், தலை முதல் கால் வரை சர்க்கரைப் பொடி. சுட்ட அன்றைக்கே வெட்டினால் இங்கே பாவம்! இரண்டு மூன்று வாரமாவது குளிர்ந்த இடத்தில் கிடந்து ஊற வேண்டும். ஒரு காலத்தில் இந்த வாரங்கள் நோன்புக் காலம், வெண்ணெய் சேர்க்கக் கூடாது. வெறும் எண்ணெயில் பிசைந்தது வாயில் வைக்க வழங்கவில்லை என்று போப்புக்கே மனுப் போட்டு, 1491இல் வெண்ணெய்க்கு அனுமதி வாங்கினார்கள். சாப்பாட்டு விஷயத்தில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

சரி, கதவு எப்படித் திறந்தது என்று சொல்கிறேன். எனக்கு அது ஒரு பார்சலால் திறந்தது.

2017 டிசம்பர். நான் வேலைக்குப் போய்விடுவதால் எனக்கு வரும் பார்சல்களைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எழுபது வயதைத் தாண்டியவர். இரண்டு வருடமாகப் படிக்கட்டில் பார்த்தால் வணக்கம், குடும்பப் பெயர், "நீங்கள்", அதோடு சரி. அன்று பார்சல் வாங்கப் போனபோது முழங்கை வரை மாவோடு கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து தேனும் கிராம்பும் வாசம். "இந்த வருடம் மசாலா சரியில்லை, பாக்கெட் பழசு" என்றார், எனக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. மேலே ஓடிப்போய் அம்மா கொடுத்தனுப்பிய ஏலக்காய் டப்பா, பட்டை, கிராம்பு, கூடவே என் சின்ன இரும்பு உரல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஏலக்காயை உரித்து நான் இடிக்க இடிக்க அவர் மூக்கை உரலுக்குள்ளேயே விட்டுவிட்டார். தோலைக் குப்பையில் போடப் போனவர் கையைப் பிடித்து நிறுத்தி, டீத்தூள் டப்பாவில் போடச் சொன்னேன். அதை இன்றுவரை பேசுகிறார்.

அவர் பிறந்த ஊர் புல்ஸ்நிட்ஸ். டிரெஸ்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்த ஊர் தேன் கேக்குக்குப் பேர் போனது. 1558இலிருந்தே அங்கே சுடுகிறார்கள். அதன் ஜெர்மன் பெயரை அப்படியே தமிழாக்கினால் மிளகு கேக். மிளகைத் தேடினால் கிடைக்காது. அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்த எல்லா மசாலாவுக்கும் இவர்கள் வாயில் மிளகு என்றே பெயர். "எனக்கும் உங்கள் ஊரைத் தெரியும்" என்றேன். நம்பவில்லை. 1682இல் அங்கே பிறந்த பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினதையும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததையும் சொன்னேன். தன் ஊர்க்காரர் இந்தியா போனார் என்பது வரை அவருக்குத் தெரியும். அங்கே என்ன மொழி என்று யாரும் சொன்னதில்லையாம். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார் என்றேன். மேசையில் மாவு பரப்பியிருந்தது. அதில் 'அ' போட்டுக் காட்டினேன். அந்த அம்மா போட்ட 'அ' கடைசியில் சுழித்துக்கொண்டு ஒரு முறுக்கு மாதிரி வந்தது. அதையும் ஒரு பிஸ்கட்டாகச் சுட்டோம்.

அன்று கிளம்பும்போது கையைத் துடைத்துக்கொண்டு தன் முதல் பெயரைச் சொன்னார். இனி "நீ" என்றே கூப்பிடலாம் என்று அதற்கு அர்த்தம். வயதில் பெரியவர்தான் அந்த அனுமதியைக் கொடுக்க வேண்டும். எழுபத்தைந்து வயது அம்மாவை "நீ" என்று கூப்பிட எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது, அது வேறு விஷயம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜெர்மன்காரர்கள் எல்லோரும் தங்கக் கம்பிகள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பத்து வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இருக்கிறார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில், வேலை முடிந்து தனி அறைக்குத் திரும்புகிறவர்களுக்கு உபதேசம் எரிச்சலைத்தான் கொடுக்கும். எனக்கும் கொடுத்தது. நான் சொல்வது ஒன்றுதான்: அழைப்பிதழ் வரும் என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இங்கே அழைப்பிதழ் கிடையாது. அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கிறார்களா, பெயரைப் போடுங்கள். யாராவது பிஸ்கட் சுடுவதைப் பற்றிப் பேசினால் "நானும் வரட்டுமா, மாவு பிசைவேன்" என்று கேளுங்கள். நமக்கு அது வெட்கம் கெட்ட வேலை, விருந்தாளி தானாகக் கேட்பதா என்று தோன்றும். இவர்களுக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. சமயத்தில் முடியாது என்பார்கள், அதுவும் சாதாரணப் பதில்தான்.

கிறிஸ்துமஸ் சந்தையை மட்டுமே நம்பாதீர்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். 1434இலிருந்து நடக்கும் சந்தை எங்கள் ஊரில் இருக்கிறது, பெருமைதான். சூடான ஒயின் கோப்பையோடு நிற்கும் படம் நம் ஆட்கள் எல்லோருடைய பக்கத்திலும் இருக்கிறது, என் பக்கத்திலும் இருக்கிறது. கோப்பையைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கினதும் உறவு முடிந்துவிடும். அதைவிட, மாலையில் சும்மா தெருவில் நடந்து பாருங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் வில் வடிவத்தில் வளைந்த மர விளக்கு. பக்கத்து மலைகளில் சுரங்கத் தொழிலாளிகளின் வீடுகளிலிருந்து வந்த வழக்கம் அது. இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுகிறவனுக்கு வீட்டு ஜன்னலில் வெளிச்சம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினர் இல்லை. இருந்தும் விளக்கை வைக்கிறார்கள், அதுவும் தெருவைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

அந்த ஏலக்காய் டப்பாவின் கதையைச் சொல்லாமல் விட்டேனே. முதல் வருடம் அது திரும்பி வந்தது. பளபளவென்று கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கலாமா? இரண்டு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுத்துத்தானே நமக்குப் பழக்கம். அடுத்த டிசம்பரில் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா முகம் சிவந்து, "அழுக்காகத் திருப்பித் தருவதுதான் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்" என்றார். 24ஆம் தேதி சாயங்காலம் அவர் மகனின் கார் வாசலில் நின்றது, ஜன்னலில் விளக்கு எரிந்தது, நான் மணி அடிக்கவில்லை. 26ஆம் தேதி அவரே மேலே ஏறி வந்தார். டப்பாவுக்குள் ஐந்து வால்நட், தோட்ட வீட்டு மரத்தில் விழுந்ததாம்.

தம்பியை இந்தச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன், உரல் இடிக்க இளவட்டக் கை ஒன்று இருந்தால் நல்லது என்றார். 24ஆம் தேதி இரண்டு மணிக்குள் பாலும் முட்டையும் வாங்கி வைத்துவிடு என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். வெறும் கையோடு வராதே என்று மட்டும் சொல்லவில்லை. அவன் அம்மா அதைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்.