வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

வெள்ளிக்கிழமை நான் பகிர்ந்த படத்துக்குக் கீழே இதுவரை 43 சிரிப்புக் குறிகள். எண்ணினேன். வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள், இன்று ஞாயிற்றுக்கிழமை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வெனஸ்டே கால்பந்து கிளப்பின் கடை வாசல் வரிசைப் படம்தான். அன்று, 2025 அக்டோபர் 24 காலை, கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது, அதாவது கடனில் மூழ்கி நிர்வாகம் வெளி ஆட்கள் கைக்குப் போனது. அதற்குத் தண்டனையாக லீகில் 12 புள்ளிகள் பறிபோயின, கையில் இருந்த 6 புள்ளி மைனஸ் 6 ஆனது. அதே நாளில் கடை வாசலில் கூட்டம். மாதக்கணக்கில் ஒரு பென்னி கூடச் செலவழிக்க மாட்டோம் என்று வீம்பாக இருந்த ரசிகர்கள், முதலாளி போனார் என்று தெரிந்ததும் பர்ஸைத் திறந்துவிட்டார்கள். எனக்கு அதைப் பார்த்துக் கண் கலங்கியது. உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. சரி.

சிரிப்பைக்கூட விட்டுவிடுவேன். ‘சொந்தக் காசைக் கொட்டினவரை விரட்டிவிட்டு இப்ப பனியன் வாங்க நிக்கிறாங்க, பைத்தியங்க’ என்று ஒரு கமெண்ட். அதற்கு 19 லைக். எழுதியவர் எனக்குத் தெரிந்தவர், நன்றாகவே தெரிந்தவர். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

முதலில் இந்தச் ‘சொந்தக் காசு’. அந்த முதலாளி, டேஜ்போன் சான்சிரி, 2015ல் கிளப்பை வாங்கியது 3.75 கோடி பவுண்டுக்கு. டின்னில் அடைத்த சூரை மீன் விற்று உலகப் பணக்காரர்களான தாய்லாந்துக் குடும்பத்து வாரிசு. காசு போட்டார், மறுக்கவில்லை. நிறையவே போட்டார். 2016ல் பிரீமியர் லீகுக்குப் போக ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி, வெம்ப்ளியில் ஹல் சிட்டியிடம் தோற்றார்கள். அந்த இரண்டு வருஷம் ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அதையும் மறைக்கவில்லை.

ஆனால் தேதிக்குச் சம்பளம் போடாதவரை நான் முதலாளி என்று சொல்ல மாட்டேன். 2025ல் ஏழு மாதத்தில் ஐந்து முறை சம்பளம் தள்ளிப்போனது. ஐந்து முறை! பதினோரு ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை ஒரு கிளப். புல் வெட்டுகிறவர், துணி துவைக்கிறவர், டிக்கெட் கவுன்டரில் இருக்கிற அம்மா, இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் கிளப். அவர்களுக்கும் வீட்டு வாடகை ஒன்றாம் தேதிதானே?

கணக்கு வித்தைகளையும் மறந்துவிட்டீர்கள் போல. லீக் அனுமதிக்கிற வரம்பை நஷ்டம் மீறிவிடும் என்றதும் ஹில்ஸ்பரோ மைதானத்தையே ஏறக்குறைய 6 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். யாருக்கு? சான்சிரியின் இன்னொரு கம்பெனிக்கு. வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு மாற்றி, அதை லாபம் என்று எழுதிக்கொள்வது. 1899 முதல் அந்தக் கிளப் ஆடுகிற தரை அது. அந்த விற்பனையை எந்த வருஷக் கணக்கில் சேர்த்தார்கள் என்ற தகராறில் 12 புள்ளி தண்டனை, மேல்முறையீட்டில் அது 6 ஆனது. 2021ல் 41 புள்ளியோடு கடைசி இடம், கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அந்த ஆறும் இருந்திருந்தால் 47. அந்த வருஷம் 44 எடுத்த டெர்பி பிழைத்துக்கொண்டது. களத்தில் தோற்று இறங்கவில்லை ஐயா, கணக்குப் புத்தகத்தில் தோற்று இறங்கினார்கள்.

2023 அக்டோபரை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். வரி பாக்கி, சம்பளம் எல்லாவற்றுக்கும் 20 லட்சம் பவுண்ட் வேண்டும், 20,000 ரசிகர்கள் ஆளுக்கு 100 பவுண்ட் போட்டால் முடிந்தது என்றார் மனிதர். கல்யாண வீட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்தவனிடம் வந்து அரிசிக்குக் காசு கேட்கிற கதை. மொய் எழுதிவிட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறான்?

‘ரசிகர்கள் எதிர்த்துக் கோஷம் போட்டதால்தான் அவர் வெறுத்துப்போய்க் காசு போடுவதை நிறுத்தினார்’ என்பது அடுத்த வாதம். இதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். அதனால்? திட்டு வாங்கினால் சம்பளம் நிறுத்தலாம் என்று எந்த ஊரில் சட்டம்? கோபம் முதலாளிக்கு, பட்டினி தோட்டக்காரருக்கா?

கிளப்பின் ஆட்டக்காரர் ஜாஷ் வின்டாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம், வெம்ப்ளி, பார்ன்ஸ்லியோடு, மேல் டிவிஷனுக்குப் போவதற்கான ப்ளே-ஆஃப் இறுதி. கூடுதல் நேரமும் முடியும் தறுவாய், 123வது நிமிடம், பெனால்டி ஷூட் அவுட் என்று எல்லாரும் மனதைத் தேற்றிக்கொண்ட நேரம், தலையால் முட்டி கோல் போட்டார். அதற்கு முன்னால் பீட்டர்பரோவிடம் 4-0 தோற்றுவிட்டு, அடுத்த ஆட்டத்தில் 5-1 ஜெயித்து, பெனால்டியில் தப்பி வந்த அணி அது. இந்தியாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல், நான் மொபைலைத் தலையணைக்கு அடியில் வைத்துக் கத்தாமல் கத்தினேன். அதே வின்டாஸ் 2025 ஜூலையில் கிளம்பிப் போனார். சம்பளம் வராததால்தான். ஒரு ஊருக்கே அப்படி ஒரு நாளைக் கொடுத்தவனுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடியவில்லை.

எனக்கும் ஷெஃபீல்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு: 2017ல் ஒரு வருஷம் அங்கே படித்தேன். கூடத் தங்கியிருந்த பையன் வர முடியாமல் கொடுத்த டிக்கெட்டில் ஒரே ஒரு ஆட்டம் பார்த்தேன். ஐஸ் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் எழுபது வயதுக்கு மேல் ஒரு பெரியவர். மளிகைக் கடைப் பையிலிருந்து பழைய நாளிதழை எடுத்து, நாலாக மடித்து, நாற்காலியில் வைத்து, ‘உட்காரு, இல்லையென்றால் எழுந்திருக்க முடியாது’ என்றார். இடைவேளையில் ஃபிளாஸ்க் மூடியில் டீ. என் ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டி, ‘இது என் தம்பி இடம்’ என்று மட்டும் சொன்னார். தம்பி வரவில்லையா என்று கேட்க வாயெடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமைப் படத்தைப் பெரிதாக்கி, வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். இல்லை. இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது, எட்டு வருஷம் ஆயிற்று.

இனி வருகிறவர்கள், ‘இங்கே நம்ம பசங்களுக்கே சம்பளம் இல்லை, வெள்ளைக்காரனுக்கு அழறியா’ கட்சி. 2025 ஆகஸ்டில் நம்ம ஐஎஸ்எல் கால்பந்து லீக் நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்தியது, பின்னாலேயே சென்னையின் எஃப்சியும் செயல்பாட்டை நிறுத்தியது. அதைப் பற்றியும் எழுதினேன். ஏழு லைக் வந்தது, அதில் ஒன்று என் மாமா. எழுதும்போது படிக்கவில்லை, எழுதவில்லை என்று இப்போது திட்டுகிறீர்கள்.

‘எல்லாம் பிசினஸ், நஷ்டம் வந்தால் மூடத்தானே வேண்டும்’ என்கிறவருக்கு இங்கிலாந்தில் பெரி என்ற ஊரைச் சொல்கிறேன். 1885ல் ஆரம்பித்த கிளப், இரண்டு முறை எஃப்ஏ கோப்பை. ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்டில் புது ஆள் வாங்கப்போகிறார் என்ற நம்பிக்கையில் ஊர்க்காரர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து மைதானத்தைக் கழுவினார்கள். அவர்கள் கழுவிக்கொண்டிருக்கும்போதே, வாங்க வந்தவர் பின்வாங்கினார். அன்று ராத்திரி பெரியை லீகிலிருந்தே நீக்கினார்கள். சூப்பர் மார்க்கெட்டை மூடினால் யாராவது துடைப்பத்தோடு போய் நிற்பார்களா? நின்றால் சொல்லுங்கள், நானும் பிசினஸ் என்று ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்த 19 லைக் கமெண்ட்காரர்.

நானும் நீயும் ஒரே ஆபீஸில் இருந்தோம். பேர் வேண்டாம், அம்பத்தூர் பக்கம், அது போதும். முதல் மாதம் ‘பேங்க் பிரச்சினை’ என்றார்கள். இரண்டாம் மாதம் ‘நாமெல்லாம் ஒரு குடும்பம்’ என்றார்கள். மூன்றாம் மாதம் பார்க்கிங்கில் புது வண்டி நின்றது, பானட்டில் எலுமிச்சம்பழமும் மாலையும். நீயும் நானும் கேன்டீனில் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்தோம். கேன்டீன் அண்ணன் கணக்கு நோட்டில் நம் இரண்டு பேர் பேரும் ஒரே பக்கத்தில் இருந்தது. அவருக்கும் கம்பெனி பாக்கி வைத்திருந்தது. ஆனாலும் ஒரு நாள்கூட டீ இல்லை என்று அவர் சொன்னதில்லை.

அப்போது யாராவது வந்து ‘பாவம் முதலாளி, சொந்தக் காசைக் கொட்டியிருக்கார்’ என்று உன்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்? எனக்குத் தெரியும், நீ அந்த கிளாஸை அவன் மேலே வீசியிருப்பாய். உன் வீட்டில் அப்போது கைக்குழந்தை. ஸ்கூட்டர் தவணை கட்டாததற்கு ஆள் வந்து நின்றபோது என்னைத்தான் கூப்பிட்டாய். என்னிடமும் இல்லை. என் மனைவியின் வளையலைப் பற்றி நான் இதுவரை எங்கேயும் எழுதினதில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை.

கால்பந்து பற்றி எழுத வந்தவன் எங்கேயோ போய்விட்டேன் என்று சிலர் சொல்வீர்கள். போய்விட்டேன்தான்.

எனக்கு இன்னும் ஒன்றரை மாதச் சம்பளம் அங்கே பாக்கி. உனக்கு இரண்டு மாதம் என்று நினைவு. போன வாரம் அந்தப் பக்கமாக பஸ்ஸில் போனேன். போர்டு மாறிவிட்டது, கேட் அதே பச்சை. கேன்டீன் அண்ணன் எதிர்ப்பக்கம் ஒரு தள்ளுவண்டி போட்டிருக்கிறார். இறங்கிப்போய் இரண்டு டீ வாங்கினேன், ஒரு டீக்குத் தாகம் இல்லாவிட்டாலும். உன்னை விசாரித்தார். நல்லா இருக்கான் அண்ணே என்று சொன்னேன்.

கமெண்டை எடுக்க வேண்டாம். அந்தச் சிரிப்புக் குறியை மட்டும் எடுத்துவிடு.