கருப்பு என்பது அந்தப் பூஞ்சையின் நிறம் இல்லை

2021-ல் கொரோனா வந்தவர்களிடையே பரவிய கருப்புப் பூஞ்சை நோய்க்கு அழுக்கு முகக்கவசம்தான் காரணம் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ரைசோபஸ் போன்ற இந்தப் பூஞ்சைகளின் வித்துகள் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன, ரொட்டியில் பூப்பதும் இவற்றின் சொந்தம்தான், நாம் தினமும் அவற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வெள்ளை அணுக்கள் அவற்றை முளைக்க விடுவதில்லை. சர்க்கரை எகிறிப் போய், அதோடு கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தும் சேரும்போதுதான் அந்தக் காவல் தளர்கிறது. அப்புறம் இன்னொன்று: சர்க்கரை மிக முற்றி ரத்தத்தில் அமிலம் கூடினால், இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் பிடியை விட்டுவிடுகிறது, பூஞ்சை வளரத் தேவையான இரும்பு அப்படியே கைக்குக் கிடைத்துவிடுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவரில் ஜிஆர்பி78 என்ற புரதமும் அந்தச் சமயத்தில் கூடுகிறது, பூஞ்சை அதைப் பற்றிக்கொண்டுதான் குழாய்க்குள் நுழைகிறது. உள்ளே ரத்தம் உறைந்து, சதை செத்துப் போகிறது. அந்தச் செத்த சதைதான் கருப்பு.

என் பெரியப்பாவுக்கு முதலில் ஒரு பக்கக் கன்னம் மரத்துப் போனது, மேல்பல் ஆடியது. நாங்கள் பல்வலி என்று நினைத்து நான்கு நாள் விட்டுவிட்டோம். பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசி, அறுவைச் சிகிச்சை எல்லாம் செய்து உயிர் பிழைத்தார், வலது கண் போய்விட்டது. தயவுசெய்து அந்த அறிகுறிகளையாவது கட்டுரையில் சேருங்கள்.