அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?

நேற்றிரவு மகளுக்கு ஒரு கவிஞரின் வாழ்க்கைக் கதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கான படப் புத்தகம். பெரிய எழுத்து, வழவழப்பான தாள், பக்கம் நிறைய வண்ணம். ஒரு பக்கத்தில் கவிஞர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கன்னத்தில் கை, கண் நிலாவில், மேசையில் ஒரு தாள். மகள் அந்தத் தாளின் மேல் விரலை வைத்து, "அப்பா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். எழுத்தே இல்லை. வரிசையாக நெளிக்கோடுகள். புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். பிறந்த ஊர் இருந்தது, பெற்றோர் பெயர் இருந்தது, பட்டங்கள் இருந்தன, கடைசிப் பக்கத்தில் சிலைகூட இருந்தது. அவர் எழுதிய ஒரு வரி கிடையாது.

"அப்புறம் இவர் கவிஞர் என்று எப்படித் தெரியும்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓவியரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. விளையாட்டு வீரரை ஓடவிட்டு வரையலாம், விஞ்ஞானியைக் குடுவையோடு வரையலாம். கவிஞரின் வேலை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஜன்னல், நிலா, இறகுப் பேனா என்று திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வரைய எவ்வளவோ இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் எழுதினார். சாக்லேட் சுற்றிய தாளில்கூட ஒரு கவிதை கிடைத்திருக்கிறது. தாள்களை மடித்து, ஊசி நூலால் தைத்துச் சிறுசிறு ஏடுகளாகச் செய்து பெட்டியில் வைத்தார். 1886இல் அவர் இறந்த பிறகுதான் தங்கை அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். சுமார் 1,800 கவிதைகள் எழுதியவர். உயிரோடிருந்தபோது அச்சில் வந்தவை பத்தோ என்னவோ. ஊசியும் நூலும் மடித்த தாளும் இருக்கும்போது எதற்கு நிலா?

ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார், எழுதத் தெரியாது. வயலில் உழைக்கும்போது மனதுக்குள்ளேயே கவிதை கட்டி வைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்துக்குப் பழம் விற்க நடந்து போவார். அங்கே மாணவர்கள் தங்கள் காதலிகளுக்கு அனுப்ப அவரிடம் கவிதை கேட்பார்கள். அவர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வார்கள்; கூலி 25 சென்ட் முதல் 75 சென்ட் வரை. 1829இல் கவிதை நூலே வந்துவிட்டது. அதை விற்று விடுதலையை விலைக்கு வாங்க நினைத்தார், பணம் சேரவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல்தான், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, விடுதலை வந்தது. டான் டேட் இவரைப் பற்றித் தானே எழுதித் தானே வரைந்த படப் புத்தகம் 2015இல் வெளிவந்தது. இப்படிப்பட்ட வாழ்க்கையைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள் உண்டு. நான் தயங்கமாட்டேன். ஒரு மனிதன் தன்னையே விலை கொடுத்து வாங்கக் கவிதை விற்றான் என்பதைவிடக் கவிதையின் மதிப்பை எந்தப் பாடத்தில் சொல்லிவிட முடியும்?

படப் புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டெட்டாகத்தான் விழும் என்பதால் அமைந்த கணக்கு. தலைப்பும் பதிப்பு விவரமும் போக, கதைக்கு 13, 14 ஜோடிப் பக்கங்கள் தேறும். அந்த இடத்துக்குள் அறுபது வருட வாழ்க்கை எப்படியும் அடங்காது. எதையாவது விடத்தான் வேண்டும். விருதுகளை விடுங்கள். பட்டங்களை விடுங்கள். கவிதையை மட்டும் விடாதீர்கள்.

முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மருத்துவராகவும் இருந்த வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் என்ற கவிஞரைப் பற்றி ஜென் பிரையண்ட் எழுத, மெலிசா ஸ்வீட் படம் போட்ட புத்தகம் 2008இல் வந்தது. பழைய புத்தக அட்டைகளையும் துண்டுத் தாள்களையும் ஒட்டியே படங்களை அமைத்திருக்கிறார் ஸ்வீட். அவற்றுக்குள் கவிஞரின் வரிகளும் எழுத்தாகவே கலந்திருக்கின்றன. அவருடைய புகழ்பெற்ற கவிதை ஒன்றில் மொத்தமே 16 சொற்கள். மழையில் நனைந்த ஒரு சிவப்புத் தள்ளுவண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள், அவ்வளவுதான். இதற்கு எந்தக் குழந்தைக்கு விளக்கம் வேண்டும்?

நம் பாரதிக்கு வருகிறேன். தலைப்பாகை, மீசை, எட்டயபுரம், 1882, கடைசியில் யானை. யானை தள்ளியதால் இறந்தார் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துபோகிறது. உண்மையில் அவர் அந்தக் காயத்திலிருந்து எழுந்தார். அதன் பிறகு ஈரோட்டுக்குப் போய், "மனிதனுக்கு மரணமில்லை" என்ற தலைப்பில் பேசினார். 1921 செப்டம்பரில் வயிற்று நோயால் இறந்தார். அப்போது 39 வயது நிறையவில்லை. யானைப் பக்கத்தைவிட இந்தப் பக்கம் எவ்வளவு பெரியது! குருவிகளுக்கு அரிசியை வாரி இறைத்த கதையையும் அவருடைய பெருந்தன்மையாகவே சொல்லி முடிக்கிறோம். அன்று உலை வைக்க வேண்டிய செல்லம்மாவின் முகத்தை யாராவது வரையட்டும். பிள்ளைகள் இருவரையும் புரிந்துகொள்வார்கள். நாம் நினைப்பதைவிட அவர்களுக்கு மனம் பெரிது.

பாரதி பல பாட்டுகளுக்கு மேலே இராகமும் தாளமும் குறித்திருக்கிறார். ஒரு தாளை வரைந்து, மேலே இராகத்தின் பெயரையும் கீழே நாலு வரியையும் போட்டால் போதும், அந்தப் பக்கத்தைக் குழந்தை பாடவே தொடங்கிவிடும். 1915இல் வந்த பாப்பா பாட்டு இன்னும் வீடுகளில் ஒலிப்பது யாரும் அதற்கு வரலாறு சொன்னதாலா?

நேற்று அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு, அதே கவிஞரின் எட்டு வரி எனக்கு மனப்பாடமாக இருந்தது, அதைச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை அவளும் சேர்ந்துகொண்டாள். காலையில் புத்தகம் அவள் தலையணைக்கு அருகில் திறந்து கிடந்தது. அந்த நெளிக்கோடுகளின் மேல் பென்சிலால் முதல் வரியை எழுதியிருக்கிறாள். தாளில் இடம் போதாமல் கடைசிச் சொல் மேசை மேல் ஏறியிருக்கிறது.